நூற்றைம்பது எழுத்துக்குள் ஒரு ராணி

பேருந்துக் கழகத்தின் தொலைந்த பொருள் பிரிவுக்கு என் மேசையை மாற்றியபோது, கணினிப் பிரிவில் இடம் போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். நம்பியதுபோல் தலையாட்டினேன். எதிரே ஒருவன் நாள் முழுக்க வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் மற்றவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் என்பது எனக்கும் தெரியும். வருத்தம் ஒன்றும் இல்லை. புது இடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பொருட்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. கம்பியில் தலைகீழாகத் தொங்கும் குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒற்றைக் கையுறைகள், பாட்டிலில் பத்திரமாக ஒரு பொய்ப்பல் செட், ஓர் ஊன்றுகோல். ஊன்றுகோலை விட்டுவிட்டு அந்த ஆள் எப்படி இறங்கிப் போனார் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். என்னைவிடப் பேசாதவை இத்தனை இருக்கின்றனவே என்று அங்கே நிம்மதியாக இருந்தது. மதிய வேளையில் புத்தகத்தைப் பிரித்தால் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

ஸ்டோர் அக்காவைத் தவிர.

அக்காதான் அந்தப் பிரிவின் பொறுப்பாளர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். சாவிக்கொத்தை ஒரு ஷூ கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். மூக்குக்கண்ணாடியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடிக்கொண்டே இருப்பார். அந்தப் பிரிவில் தினமும் தொலைந்து தினமும் கிடைக்கும் ஒரே பொருள் அதுதான். இரண்டாம் நாளே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்.

"ஏம்பா, நேத்து வந்தே, இன்னைக்கும் வந்திருக்கே, இன்னும் ஒரு வார்த்தை வரலையே. ஊமைக்கோட்டான் கணக்கா உக்காந்திருக்கே."

நான் சிரித்தேன்.

"அப்பாடா, பல்லு இருக்கு. பாட்டில்ல இருக்கிறது உன்னோடதோன்னு நினைச்சுட்டேன்."

அன்றிலிருந்து நான் கோட்டான்.

எங்கள் இருவரையும் சேர்த்துவைத்தது ஜன்னலோரத் தட்டில் இருந்த ஒரு மரப்பெட்டி. இரண்டு உள்ளங்கை அகலம். மூடியைத் திறந்தால் செஸ் பலகை. ஒவ்வொரு கட்டத்திலும் சின்ன ஓட்டை, ஒவ்வொரு காயின் அடியிலும் சின்ன ஆணி. பேருந்து எவ்வளவு குலுங்கினாலும் காய் நகராது. ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. கறுப்புச் சிப்பாய்களில் ஒன்று எப்போதோ தொலைந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு குச்சியில் ஒட்டிய பச்சைப் பொத்தான் நின்றது. சாப்பாட்டு நேரத்தில் அக்கா மூடியைத் திறந்து வைப்பார். இருவரும் பார்த்துக்கொண்டே சாப்பிடுவோம். அந்த இருபது நிமிடம் அக்காவும் பேச மாட்டார். அந்த மௌனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

"யாரோ ரெண்டு பேர், கோட்டான். எங்கேயோ உக்காந்து அடுத்தது என்னன்னு யோசிச்சுக்கிட்டே இருக்காங்க. சேத்து வெக்காம விட்டா எனக்குத் தூக்கம் வராது."

எங்கள் பிரிவில் ஒரு கெடு உண்டு. ஒன்பது மாதம் வரை யாரும் வராத பொருட்களை, ஒன்பதாம் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை அப்புறப்படுத்திவிடுவார்கள். நல்ல துணிமணிகள் இல்லங்களுக்குப் போகும். மற்றவை பணிமனையின் பின்கட்டில் இருக்கும் நொறுக்கும் இயந்திரத்துக்கு. பெட்டிக்கு அப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது. கடைசி வெள்ளிக்கு இரண்டு வாரம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் பதிவேட்டில் 'மறை அடையாளம்' என்று ஒரு கட்டம் இருக்கும். பொருளைத் தவறவிட்டவருக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒன்றை அதில் எழுதுவோம். கேட்டு வருகிறவர் அதைச் சொன்னால்தான் பொருள் கைக்குப் போகும். அது வெளியாருக்குத் தெரியவே கூடாது. பதிவேட்டைக் கணினிக்கு மாற்றி, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வலைப்பக்கம் அமைத்துக் கொடுத்ததுதான் என் வேலை. மறை அடையாளம் பக்கத்தில் எங்கும் தெரியாதபடி கவனமாக விட்டிருந்தேன்.

ஒரு நாள் அக்கா தன் கைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"உன் வெப்சைட் வந்து அஞ்சு மாசம். ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கலை. ஏன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. என் தங்கச்சிக்குக் குடையோட லிங்க்கை அனுப்பினேன். என்ன வருது பாரு."

திரையில் ஒரு சிறிய அட்டை தெரிந்தது. 'தொலைந்த பொருள் பிரிவு. உங்களை அன்புடன் வரவேற்கிறோம்.' கூடவே கழகத்தின் முத்திரை.

"சரி, பெட்டியோட லிங்க்கை அனுப்பினேன். அதே வரவேற்கிறோம். பொய்ப்பல்லுக்கும் அதே வரவேற்கிறோம். எட்டுப் பிள்ளை பெத்துட்டு எட்டுக்கும் ஒரே பேர் வெச்ச மாதிரி இருக்கு. யாரு யாரைக் கூப்பிடுறது?"

அவர் சொன்னது சரி. ஒரு வலைப்பக்கத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் உடம்பு ஒன்று, தெரியாத தலை ஒன்று. அந்தத் தலைப் பகுதியில் சில வரிகளை எழுதி வைப்போம். மெட்டா டேக் என்பார்கள். பக்கத்தைப் பார்ப்பவர் கண்ணில் அவை படாது. தேடுபொறிகளும் செய்தி அனுப்பும் செயலிகளும் மட்டும் அவற்றைப் படித்து, இந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று தெரிந்துகொண்டு ஒரு சின்ன அட்டையைக் காட்டும். பக்கங்களை உருவாக்க நான் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க்கில் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக லேஅவுட் என்று ஒரு வார்ப்பு உண்டு. தலைப்பையும் விவரத்தையும் சோம்பேறித்தனமாக அந்த லேஅவுட்டிலேயே ஒருமுறை எழுதிவிட்டுப் போய்விட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் ஒரே முகமூடியைப் போட்டுக்கொண்டு ஐந்து மாதமாக நின்றிருந்தன.

ஒரு வாரம் சந்தோஷமாக வேலை செய்தேன். லேஅவுட்டில் இருந்த வரவேற்பை அழித்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டேன். ஒவ்வொரு பக்கமும் தன் தலைப்பையும் படத்தையும் விவரத்தையும் தானே கொண்டுவந்து அதில் வைக்க வேண்டும். விவரத்துக்கு, அந்தப் பொருளின் பதிவில் உள்ள எழுத்துக் கட்டங்களை வரிசையாகக் கோத்து, நூற்றைம்பதாவது எழுத்தில் வெட்டிவிடச் சொல்லி ஒரு சின்ன நிரல். குடையை வைத்துச் சோதித்தேன். 'நீலக் குடை, மரக் கைப்பிடி, ஒரு கம்பி வளைந்தது, காற்றோடு சண்டை போட்டிருக்கிறது…' என்று அழகாக வந்து நூற்றைம்பதில் நின்றது. அக்கா எழுதியவை எல்லாம் அப்படித்தான். எந்தப் பொருளைப் பற்றியும் நாலு வரிக்குக் குறையாமல் எழுதியிருப்பார்.

திங்கட்கிழமை காலை மாற்றத்தை ஏற்றினேன். அக்கா முதல் வேலையாகப் பெட்டியின் லிங்க்கைத் தங்கைக்கு அனுப்பினார்.

"படம் வருது! கோட்டான், பெட்டியோட படமே வருது!" என்று குதித்தார். மூடிய பெட்டியின் படம். கீழே ஏதோ எழுத்து. கண்ணாடி வழக்கம்போல் காணவில்லை, அதனால் அவர் எழுத்தைப் படிக்கவில்லை. "எல்லாருக்கும் அனுப்புடின்னு சொல்லிட்டேன். இன்னும் நாலு நாள்தான் இருக்கு."

தங்கை சொன்ன சொல் தட்டாதவர். எல்லாருக்கும் அனுப்பினார். அந்த எல்லாரும் எல்லாருக்கும் அனுப்பினார்கள்.

செவ்வாய் காலை கதவைத் திறக்கும்போதே ஒருவர் நின்றிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை.

"அந்த மரப்பெட்டி என்னோடதுங்க. உள்ளே செஸ் பலகை, ஆட்டம் பாதியில். கறுப்புச் சிப்பாய் ஒன்றுக்குப் பதில் நாலு துளைப் பச்சைப் பொத்தான்."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க வாங்க! எட்டு மாசமா எங்கே போயிருந்தீங்க?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அடையாள அட்டை கொண்டுவரவில்லை என்றார் அவர். எடுத்துக்கொண்டு வாருங்கள், பெட்டி எங்கேயும் ஓடிவிடாது என்று அக்கா அனுப்பிவைத்தார். அவர் படியிறங்கி முடிக்கவில்லை, அதற்குள் பெரிய கைப்பையோடு ஒரு பெண் ஏறி வந்தார்.

"என் பெட்டிங்க அது. கறுப்புச் சிப்பாய் ஒன்றுக்குப் பதில் நாலு துளைப் பச்சைப் பொத்தான். வெள்ளை ராணி இடது ஓரத்தில்."

அக்கா எழுந்திருக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. பாதியில் நின்றார். "ரெண்டு பேர் ஆடினதுதானே, அவர் உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டார்.

"எவர்?" என்றார் அந்தப் பெண்.

மூன்றாவதாக வந்தவர் உருண்டையாக, வியர்த்துக்கொண்டு வந்தார். கவுண்டருக்குக் கீழே கைபேசியைப் பிடித்துக்கொண்டு, பரீட்சையில் பிட் பார்க்கும் பையனைப் போல ஒரு கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தார். "...வெள்ளை ராணி இடது ஓரத்தில். பாவம், தனியாக."

"என்னது?"

"பாவம்," என்றார் அவர். "தனியாக."

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "கோட்டான். 'பாவம், தனியாக'ங்கிறது நான் எழுதினது. மறை அடையாளத்துல எழுதினது. அது இவர் வாயில எப்படிப்பா வந்துச்சு?"

நான் பெட்டியின் பக்கத்தைத் திறந்தேன். திரையில் மூன்றே சொல்: 'மரத்தில் சிறு பெட்டி.' எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகு பக்கத்தின் மூல நிரலைத் திறந்து தலைப் பகுதியைப் பார்த்தேன். 'பாவம், தனியாக' வரை எல்லாம் அங்கே இருந்தது.

மற்ற பொருட்களுக்கு அக்கா நாலு வரி எழுதியிருந்தார். நூற்றைம்பது எழுத்து அதிலேயே தீர்ந்துவிட்டது. மறை அடையாளம் வரிசையில் கடைசி, அதனால் வெட்டுப்பட்டு வெளியே நின்றுவிட்டது. இந்தப் பெட்டிக்கு மட்டும், யாருக்கும் எந்தத் துப்பும் கிடைக்கக் கூடாது என்று அவர் மூன்று சொல்லோடு நிறுத்தியிருந்தார். மிச்ச இடத்தை என் நிரல் மறை அடையாளத்தால் நிரப்பியிருந்தது. மறைத்து வைத்ததை அட்டையில் அச்சடித்து, படமும் போட்டு, ஊர் முழுக்க விநியோகம் செய்திருந்தோம்.

"அக்கா, தப்பு என்னோடது," என்றேன். இத்தனை மாதத்தில் அவரிடம் நான் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுவாக இருக்கலாம்.

உடனே நிரலைத் திருத்தினேன். இனி எந்தக் கட்டங்கள் மெட்டா டேகுக்குள் போகலாம் என்று பெயர் சொல்லி அனுமதித்தால்தான் போகும். மற்ற பக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். கசிந்தது இன்னும் ஒன்றே ஒன்று, ஒரு ஒற்றைக் கையுறை. அதன் ரகசியம் உலகத்துக்கே தெரிந்தும் அதைக் கேட்டு யாரும் வரவில்லை.

ஆனால் பழைய அட்டைகள் ஊரில் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. அனுப்பியதைத் திரும்ப வாங்க முடியாது. அன்று மாலைக்குள் பதினோரு பேர் வந்து 'பாவம், தனியாக' என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எங்கள் மேலாளருக்கு ரூல்தடி என்று பெயர். வளையவே மாட்டார். புதன்கிழமை காலை இருவரையும் கூப்பிட்டார்.

"மறை அடையாளம் வெளியே போனா அது அடையாளமே இல்லை. இனி யார் வந்து சரியாச் சொன்னாலும் செல்லாது. கொடுக்க முடியாத பொருளை வெச்சுக்கவும் முடியாது. வெள்ளிக்கிழமை மத்ததோட சேத்து பின்கட்டுக்கு அனுப்பிடுங்க."

"சார், ஆட்டம் பாதியில நிக்குது சார்," என்றார் அக்கா.

"விதியும் அப்படியே நிக்குது மேடம்."

அன்று சாப்பாட்டு நேரத்தில் பெட்டியைத் திறந்து வைத்தோம். சாப்பாடு இறங்கவில்லை. என்னால் நொறுங்கப்போகும் அந்தச் சின்ன ராணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பழக்கமான மௌனங்களில் அது சேரவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்காவின் தோள் குலுங்குவதைக் கண்டேன். அழுகிறார் என்று நினைத்தேன். கிட்டத்தில் பார்த்தால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"கோட்டான், ஒண்ணு சொல்றேன். சத்தியமா யார்கிட்டயும் சொல்லக் கூடாது. நீ எங்கே சொல்லப் போறே."

தலையாட்டினேன்.

"அந்த ராணி முதல்ல ஓரத்துல இல்லை. நடுவுல இருந்தா. இந்தக் கறுப்புக் குதிரை இருக்கு பாரு, அது ராணியையும் யானையையும் ஒரே நேரத்துல மிரட்டிக்கிட்டு நின்னுச்சு. தினம் பாத்துப் பாத்து எனக்குத் தாங்கலை. மூணாவது மாசம் ஒரு நாள் கதவைச் சாத்திட்டு, ராணியை மட்டும் எடுத்து ஓரமா வெச்சுட்டேன். அப்புறம் நீ வந்தே. எல்லாத்தையும் கணினியில ஏத்தணும்னே. மறை அடையாளத்தை மறுபடி எழுதும்போது, இருக்கிறதைப் பாத்துத்தானே எழுதினேன்? ஓரத்துலன்னு எழுதிட்டேன்."

நான் சாப்பாட்டு டப்பாவை மூடினேன். மனதுக்குள் ஏதோ மெதுவாகச் சுற்றி வந்து சரியான இடத்தில் பொருந்தியது.

"அப்போ, ராணி ஓரத்துல இருக்குன்னு சொல்றவங்க..."

"அட்டையைப் படிச்சவங்க."

"தப்பாச் சொல்றவங்க..."

"உண்மையானவங்க!" அக்கா மேசையைத் தட்டினார். பொய்ப்பல் பாட்டில் குலுங்கியது. "நடுவுலன்னு எந்த டேகுலயும் இல்லை. என் மண்டையில மட்டும்தான் இருக்கு."

ஆனால் அதைப் பயன்படுத்த வேண்டுமானால் ரூல்தடியிடம் சொல்லியாக வேண்டும். ஒப்படைத்த பொருளைப் பொறுப்பாளரே கையாண்டால் என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். குறைந்தது ஒரு மெமோ. அக்கா கொஞ்ச நேரம் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே மேலாளர் அறைக்குப் போனார். பின்னால் நானும் போனேன்.

அக்கா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ரூல்தடி பேனாவை மூடி வைத்தார். பலகையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நிமிடங்கள் போயின. நானே பேசிவிடுவேனோ என்று தோன்றும் அளவுக்கு நீண்ட அமைதி.

"நடுவுலயா இருந்துச்சு?" என்றார் கடைசியில்.

"ஆமா சார்."

"குதிரை இங்கே?"

"ஆமா சார்."

"அடப்பாவமே!" அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இந்தச் சிப்பாயாலேயே குதிரையை வெட்டியிருக்கலாமே மேடம்! அதை விட்டுட்டு ஓரத்துக்கு ஓடிட்டு! இப்போ யானை போச்சே!"

"எனக்கு ராணியைக் காப்பாத்தினாப் போதும்னு இருந்துச்சு சார்."

"பொருளைத் தொட்டது தப்பு. அதைவிடத் தப்பு இந்த நகர்வு." பேனாவைத் திறந்து ஒரு தாளில் ஏதோ எழுதினார். மெமோ என்று நினைத்தோம். ஆனால் அது, 'நடுவில்' என்று சொல்பவருக்குப் பெட்டியைக் கொடுக்க வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு வரை அனுமதி.

வியாழக்கிழமை காலை முழுக்க 'ஓரத்தில்' சொல்பவர்களை அக்கா இனிமையாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். பத்தரை மணிக்கு ஒரு பெண் வந்தார். பேக்கரியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், முழங்கை வரை மாவு. அவர் எதையும் ஒப்பிக்கவில்லை. கவுண்டர் மேல் இருந்த பெட்டியைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது.

"இது இங்கே எப்படி வந்துச்சு? இது என் நாத்தனார்கிட்ட இல்ல இருக்கணும்?"

"உங்க பெட்டியா?"

"எங்க ரெண்டு பேருக்கும் பொது. நான் ஆடிட்டுக் கொடுத்தனுப்பினேன். ஒன்பது மாசமாச்சு, பதில் ஆட்டம் வரவே இல்லை. தோக்கப் போறோம்னு தெரிஞ்சு கமுக்கமா வெச்சுக்கிட்டா. நேத்து அவளோட அண்ணன், அதான் என் வீட்டுக்காரர், குடும்ப குரூப்ல ஒரு அட்டையைப் போட்டு, 'இந்தப் பொத்தானை எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே'ங்கிறார். பாத்தா பஸ்ல வீசிட்டுப் போயிருக்கா!"

"யாரு வீசினது?" என்று வாசலிலிருந்து ஒரு குரல். தையல்கடைக்காரர் என்பது கழுத்தில் தொங்கிய அளவு நாடாவிலேயே தெரிந்தது. "அண்ணி, நீங்கதான் ஆடவே இல்லை. நான் ராணியை நடுவுல கொண்டுவந்து வெச்சதும் பயந்துட்டீங்க. பெட்டியைத் தொலைச்சுட்டு என் மேல பழியா?"

நடுவில். அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். இன்றும் அந்த இடத்தில் ஒரு தடம் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

"பயந்தேனா? குதிரையை வெச்சு உன் ராணியையும் யானையையும் ஒண்ணா மடக்கித்தான் அனுப்பினேன், தெரியுமா?"

"எங்கே அனுப்பினீங்க? வரவே இல்லையே!"

"டிரைவர் அண்ணன்கிட்டக் கொடுத்தேனே!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். அண்ணி வீடு பதினாலாம் எண் பேருந்தின் ஒரு முனையில், நாத்தனார் கடை மறு முனையில். இருவருக்கும் வேலை நேரம் ஒத்துவராது. அதனால் மூன்று வருடமாக ஆட்டம் பேருந்தில் போய் வந்திருக்கிறது. ஒருவர் ஆடிவிட்டு ஓட்டுநரிடம் பெட்டியைக் கொடுப்பார். அவர் இருக்கைக்குப் பக்கத்துத் தட்டில் வைத்து, மறு முனையில் மற்றவரிடம் கொடுப்பார்.

நான் பதிவைத் திறந்து வாசித்தேன். இதற்கும் நான்தான் வாய் திறக்க வேண்டியிருந்தது. "கிடைத்த இடம், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்துத் தட்டு. ஒப்படைத்தவர், மாற்று ஓட்டுநர்."

"மாற்று ஓட்டுநரா?" என்றார் நாத்தனார்.

"அன்னைக்கு மதியம் பதினாலாம் நம்பர் டிரைவர் இங்கேயே வழுக்கி விழுந்து கால் ஒடிஞ்சுது," என்றார் அக்கா. "வேற ஆள் பஸ்ஸை எடுத்தார். பெட்டியைப் பாத்தார். யாரோ விட்டுட்டுப் போனதுன்னு கொண்டுவந்து கொடுத்துட்டார்."

அண்ணி மாவுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். "ஒன்பது மாசமா நான் உங்கிட்ட, 'சாப்பிட்டியா, பசங்க நல்லாருக்காங்களா' தவிர ஒரு வார்த்தை பேசலை."

"நானும்தானே. கேட்டா என்ன குறைஞ்சு போயிருக்கும்? நீங்களா கேக்கட்டும்னு இருந்தேன்."

"நானும் அப்படித்தான் இருந்தேன்!"

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. சிரித்துச் சிரித்து அண்ணி கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். நாத்தனார் அளவு நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அண்ணியின் கன்னத்தில் இருந்த மாவையும் அதே நுனியால் துடைத்தார். பேசாமல் இருப்பதில் நான் கொஞ்சம் கர்வம் வைத்திருந்தவன். அந்த இரண்டு பேரைப் பார்த்தபோது, என் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சும்மா ஏதாவது பேச வேண்டும் என்று ஆசை வந்தது.

பெட்டியைத் திறந்தார்கள். சிரிப்பு நின்றது.

"ராணியை நகர்த்தினது யாரு?"

அக்கா பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல ஒரு விரலைத் தூக்கினார். "நான்தான். மன்னிச்சுக்கங்கம்மா. மனசு கேக்கலை."

நாத்தனார் பலகைமேல் குனிந்தார். அண்ணி குதிரையை நகர்த்தி அனுப்பியிருக்கிறார் என்றால், அடுத்தது வெள்ளையின் முறை. வெள்ளை நாத்தனாருடையது. அக்கா தெரியாமல் சரியான முறையில், சரியான பக்கத்துக்குத்தான் ஆடியிருந்தார். விதிப்படி குற்றம் ஒன்றும் இல்லை.

"சிப்பாயால குதிரையை வெட்டியிருக்கலாமே," என்றார் நாத்தனார் பரிதாபமாக.

"அதேதான் நானும் சொன்னேன்," என்றது பின்னால் ஒரு குரல். ரூல்தடி எப்போது வந்து நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை. கையில் இன்னொரு தாள். "கணினிக்காரர் ஒரு மெமோ வாங்கிக்கணும். ஸ்டோர் மேடம் ஒரு மெமோ வாங்கிக்கணும். பெட்டியை உரியவங்க வாங்கிக்கணும். எல்லாரும் கையெழுத்துப் போடுங்க."

"அந்த நகர்வைத் திரும்ப எடுத்துக்கலாமா அண்ணி?" என்று கேட்டார் நாத்தனார்.

"நடக்காது. வெச்சது வெச்சதுதான்," என்றார் அண்ணி. பிறகு பலகையை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். நாங்கள் நான்கு பேரும் அவரைச் சுற்றி நின்றோம். வெளியே ஒரு பேருந்து பின்னோக்கி வரும் பீப் சத்தம் கேட்டு ஓய்ந்தது. குடைகள் அசையாமல் தொங்கின. நான் அதுவரை கேட்ட மௌனங்களிலேயே நல்ல மௌனம் அது. கடைசியில் அவர் குதிரையைத் தூக்கி யானையை வெட்டினார். வெட்டுப்பட்ட யானையை நாத்தனார் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டு, "இப்போ என் முறை. கடைக்கு அனுப்புங்க, யோசிக்கணும்," என்றார்.

பதினொன்றரைக்குப் பதினாலாம் எண் பேருந்து பணிமனைக்கு வந்தது. ஓட்டுநரைக் கூட்டிக்கொண்டு வந்தோம். அவர் இன்னும் லேசாகக் காலை இழுத்துத்தான் நடந்தார்.

"மூணு மாசம் கழிச்சு வேலைக்கு வந்தேன்," என்றார். "ரெண்டு பேருமே பெட்டியைக் கொடுக்கலை. மாமியார் வீட்டுச் சண்டை, நமக்கு எதுக்கு வம்புன்னு நானும் கேக்கலைம்மா."

அக்கா அதற்குள் கண்ணாடியைக் கண்டுபிடித்திருந்தார். தொப்பிகள் இருந்த பெட்டியில் கிடந்ததாம். ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"கோட்டான், இதுக்கு ஒரு மெட்டா டேக் எழுதணும். ஆடுறவங்களுக்குத் தேவையில்லை. நாளைக்கு வேற ஒரு மாற்று டிரைவர் வந்து தூக்கிப் பாத்தா அவருக்குப் புரியணும். சொல்லு."

நான் யோசித்துச் சொல்ல, அவர் எழுதினார். பெட்டியின் அடிப்பக்கத்தில் ஒட்டினோம். 'இது தொலைந்த பொருள் அல்ல. பதினாலாம் எண்ணில் இரண்டு முனைக்கும் நடுவே பயணம் செய்துகொண்டிருக்கிறது. தயவுசெய்து மறு முனையில் கொடுத்துவிடவும்.' நூற்றைம்பது எழுத்துக்குள் அடங்கிவிட்டது. அக்கா மட்டும் கடைசியில் தானாக ஒரு வரி சேர்த்தார்: 'ராணியைத் தொடாதீர்கள்.'

ஓட்டுநர் பெட்டியை வாங்கி, சீட்டைப் படித்து, மூடியை லேசாகத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"போற வழியில சிக்னல்ல நிக்கும்போது நானும் ஒரே ஒரு காயை..."

"கையை எடுங்க!" என்றோம் எல்லோரும். என் குரலும் அதில் சத்தமாகவே கேட்டது.